ராஜி ஆகிவிட்டது, பணம்தான் வரவில்லை!

சட்டம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சமரச ஒப்பந்தம் பற்றியவை. ஒரு தரப்பு கையெழுத்துப் போட்டுவிட்டு நிறைவேற்றாமல் இழுக்கிறது, அல்லது கையெழுத்துப் போட்டவருக்கே அது இப்போது கசக்கிறது. இரண்டு வகையினரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த வக்கீலைப் பார்ப்பது?" அதற்கு முன்னால் கையில் இருப்பது என்ன காகிதம் என்று பாருங்கள். நீதிமன்றம் பதிவு செய்து தீர்ப்பாணை (டிகிரி) கொடுத்த சமரசமா, மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) முடிந்ததா, இல்லை நீங்களே முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டதா? எங்கே போக வேண்டும், எத்தனை நாளுக்குள் போக வேண்டும், எந்த வக்கீலிடம் போக வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

ஜவுளி வியாபாரத்தில் வரவேண்டிய பணத்துக்காக சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தேன். 2022-ல் ராஜியாகி, ஒன்பது லட்சத்தை ஆறு தவணையில் தருவதாக எதிராளி கையெழுத்திட்டார். இரண்டு தவணை வந்தது, அதோடு சரி. புதிதாக வழக்குப் போட வேண்டும் என்கிறார் என் வக்கீல். உண்மையா?
*வாசகர், கரூர்*

உங்கள் வழக்கின் கடைசி உத்தரவைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். சமரச மனுவை நீதிபதி பதிவு செய்து, 'அதன்படி தீர்ப்பாணை வழங்கப்படுகிறது' என்று எழுதியிருந்தால் புது வழக்கு வேண்டாம். சாட்சி விசாரித்து வாங்கிய டிகிரிக்கு என்ன பலமோ அதே பலம் இதற்கும் உண்டு. அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு, அதாவது 'இ.பி.', போட்டால் போதும். ஆனால் பல வழக்குகளில் "வெளியே பேசி முடித்துக்கொண்டோம்" என்று ஒரு மெமோ கொடுத்து வழக்கை வாபஸ் வாங்கிவிடுகிறார்கள். அப்போது வழக்குக் கட்டில், அதாவது கோப்பில், இருப்பது வழக்கு தள்ளுபடி என்ற ஒற்றை வரிதான். அதை வைத்து எதையும் நிறைவேற்ற முடியாது. வெளியே எழுதிய ஒப்பந்தத்தை மீறியதற்காகத் தனி வழக்குத்தான் போட வேண்டும், அதுவும் மீறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள். உங்கள் வக்கீல் இதை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் அவர் சொல்வது சரி. எனவே முதல் வேலை, நகல் மனு போட்டு தீர்ப்பாணை, சமரச மனு இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்குவது.

டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணத்துக்கான டிகிரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. தவணை டிகிரியில் ஒவ்வொரு தவணைக்கும் அது தவறிய தேதியிலிருந்து தனித்தனியாக எண்ண வேண்டும். 'ஒரு தவணை தவறினாலும் மீதி மொத்தத்தையும் ஒரே தடவையாக வசூலிக்கலாம்' என்ற வாசகம் இல்லாவிட்டால், தேதி கடந்த தவணைகளுக்கு மட்டுமே இ.பி. போட முடியும். உங்கள் ஆறு தவணையும் இந்நேரம் கடந்திருக்கும் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. வட்டி விஷயத்தில்தான் ஏமாற்றம் வரலாம். சமரசத்தில் வட்டி எழுதாமல் விட்டிருந்தால், நிறைவேற்றும் நீதிமன்றம் தானாக ஒரு ரூபாய்கூடச் சேர்க்காது. டிகிரியில் உள்ளதற்கு மேலும் போகாது, கீழும் போகாது.

வந்த இரண்டு தவணையை மனுவில் மறைக்காதீர்கள். சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 21, விதி 2-ன்படி நீதிமன்றத்துக்கு வெளியே வாங்கிய பணத்தை டிகிரிதாரரே தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். பணம் கொடுத்தவர்களுக்கும் இங்கே ஒரு எச்சரிக்கை. நேரில் கொடுத்த பணத்தை எதிராளி பதிவு செய்யாவிட்டால், நீங்களே 30 நாளுக்குள் மனுப் போட்டுப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. டிகிரித் தொகையை இரண்டாம் முறை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த 30 நாளைத் தவறவிட்டவர்கள்தான்.

டிகிரியாகி இரண்டு ஆண்டு கடந்துவிட்டதால் முதலில் எதிராளிக்கு நோட்டீஸ் போக வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டி ஜப்திக்குப் போனால், பிறகு ஏலமே அடிபட்டுப் போகும். அடுத்தது, எதை ஜப்தி செய்வது? "எதிராளியின் சொத்துகளை" என்று பொதுவாக எழுதினால் மனு திரும்பி வரும். நிலம், வீடு என்றால் சர்வே எண், நான்கெல்லை, வில்லங்கச் சான்று வேண்டும். வங்கிக் கணக்கு என்றால் கிளையின் பெயர் வேண்டும். அது தெரியாதே என்கிறீர்களா? அவர் அந்த இரண்டு தவணையைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ தந்திருந்தால், உங்கள் பாஸ்புக்கிலேயே அவருடைய வங்கி இருக்கிறது. எதுவுமே தெரியாவிட்டால் அதே கட்டளை 21-ன் விதி 41-ன் கீழ், தன் சொத்துப் பட்டியலை அவரே பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யும்படி கேட்கலாம். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை உண்டு. இந்த விதியைக் கேட்டு வாங்கும் வக்கீல்கள் குறைவு. உங்கள் வக்கீலிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.

சம்பளக்காரர் என்றால் கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. 31,000 சம்பளத்தில் 10,000 வரை பிடிக்கலாம். ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம்தான் பிடிக்க முடியும். பி.எஃப். பணத்தில் கை வைக்க முடியாது.

"உள்ளே தள்ளினால் தானாகக் கொடுப்பான்" என்று பலர் நினைக்கிறார்கள். கட்ட வசதி இருந்தும் கட்டவில்லை என்று நீங்கள் காட்டினால்தான் கைது வரும். வசதியில்லாதவரை வெறும் கடனுக்காகச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. பணத்துக்கான டிகிரியில் பெண்ணைக் கைது செய்ய முடியாது. அப்படியே சிறைக்குப் போனாலும் அவருடைய சாப்பாட்டுப் படியைக் கட்டுவது நீங்கள்தான்! வெளியே வந்த பிறகும் கடன் தீராது, ஆனால் அதே டிகிரிக்கு மறுபடி கைது செய்ய முடியாது. ஆகவே சொத்து ஜப்தி, சம்பள ஜப்தி எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியாக எடுக்க வேண்டிய வழி இது.

நிறைவேற்று மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 மார்ச்சில் அதையே இன்னும் கடுமையாகச் சொன்னது. வாய்தா மேல் வாய்தா விழுந்தால் அந்தத் தீர்ப்பின் நகலை ஒரு மெமோவோடு தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

பாகப்பிரிவினை வழக்கில் அண்ணன்மார் அழைத்துப் போய் கோர்ட்டில் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு இரண்டு சென்ட் மனை, அவர்களுக்குத் தோப்பு முழுவதும் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்காக ஆஜரான வக்கீலும் அவர்கள் ஏற்பாடு செய்தவர்தான். அந்த டிகிரியை ரத்து செய்ய வழக்குப் போடலாமா?
*வாசகி, தேனி*

தனி வழக்குப் போடாதீர்கள் அம்மா. சமரச டிகிரி சட்டப்படி செல்லாது என்று சொல்லித் தனி வழக்குத் தொடுப்பதைக் கட்டளை 23, விதி 3-ஏ தடுக்கிறது. இது தெரிந்தும் சிலர் புது வழக்குப் போட வைக்கிறார்கள். அது எண் கொடுத்து ஏற்கப்பட்டாலும் சில ஆண்டுகள் கழித்துத் தள்ளுபடியாகும், அதற்குள் உண்மையான வழியின் காலக்கெடு போய்விடும். சம்மத டிகிரிக்கு அப்பீலும் பொதுவாக இல்லை. சமரசத்தைப் பதிவு செய்த அதே நீதிமன்றத்திடம், "இது சட்டப்படியான சமரசமே அல்ல" என்று மனுப் போடுவதுதான் வழி. 2006-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அந்த மனு நிற்க வேண்டுமானால் 'படிக்காமல் போட்டேன்', 'பங்கு குறைவு' என்பது மட்டும் போதாது. குறைந்த பங்குக்கு ஒருவர் மனமொத்துச் சம்மதிக்கலாம், சட்டம் அதில் தலையிடாது. மோசடி, மிரட்டல், தகாத செல்வாக்கு, உண்மையை மறைத்தல் ஆகியவற்றில் எது நடந்தது, யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுத வேண்டும். பொத்தாம் பொதுவாக 'மோசடி' என்று எழுதிய மனு முதல் வாய்தாவிலேயே பலவீனமாகிவிடும்.

உங்கள் பக்கம் பலம் சேர்க்கக்கூடியது வழக்குக் கட்டிலேயே இருக்கலாம். வக்காலத்து, சமரச மனு, அன்றைய நாள் நடவடிக்கைக் குறிப்பு மூன்றுக்கும் நகல் வாங்குங்கள். வக்காலத்தில் உங்கள் கையெழுத்து எந்தத் தேதியில் வந்தது? சமரச மனுவுக்கு அதே நாளா? சமரசம் எழுத்தில், தரப்பினர் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது 1976 திருத்தத்தில் வந்த கட்டாயம். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்து உண்டா, கடைசிப் பக்கத்தில் மட்டுமா? நீதிபதி உங்களைக் கூப்பிட்டு விசாரித்ததாகக் குறிப்பு இருக்கிறதா? இருந்தால் உங்கள் வேலை கடினம். இல்லாவிட்டால் அதுவே நல்ல தொடக்கம்.

காலதாமதம்தான் இதில் பெரிய எதிரி. மனுக்களுக்குப் பொதுவான கெடு மூன்று ஆண்டு. மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம், ஆனால் தெரிந்த நாளை நீங்கள் நிரூபிக்க வேண்டும். இடையில் அந்த இரண்டு சென்ட் மனையை விற்காதீர்கள், பட்டா மாற்றாதீர்கள், சமரசப்படி வரும் பணத்தை எடுக்காதீர்கள். பலனை அனுபவித்துவிட்டு ஒப்பந்தம் செல்லாது என்றால் எந்த நீதிபதியும் முகம் சுளிப்பார்.

இன்னொன்றும் பாருங்கள். குடும்பச் சொத்தில் ஏதாவது அந்த வழக்கின் சொத்து விவரத்திலேயே சேராமல் விடுபட்டிருக்கிறதா? இருந்தால் அதற்கு மட்டும் தனியாகப் பாகம் கேட்கலாம். அது சமரசத்தை ரத்து செய்யும் வழக்கு ஆகாது என்பதால் விதி 3-ஏ குறுக்கே வராது. 'வேறு எந்தச் சொத்திலும் உரிமை கோர மாட்டேன்' என்ற வரி சமரசத்தில் இருந்தால் மட்டும் வாதாட வேண்டியிருக்கும். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். அண்ணன்மாருக்கு முகம் தெரியாத வக்கீல் கிடைப்பது உங்கள் வழக்கில் தனி நன்மை.

விபத்து வழக்கு லோக் அதாலத்தில் ஆறரை லட்சத்துக்கு முடிந்தது. இப்போது மகனுக்கு இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். தொகையைக் கூட்டிக் கேட்க முடியுமா?
*வாசகர், விழுப்புரம்*

முடியாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மக்கள் நீதிமன்றத் தீர்வு 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி சிவில் டிகிரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டும் போடலாம். அதுவும் மோசடி, கையெழுத்தே போடவில்லை போன்ற மிகக் குறுகிய காரணங்களுக்குத்தான். செலவு கூடிவிட்டது என்பது அந்தக் காரணங்களில் ஒன்றல்ல.

கையெழுத்துப் போட்டபோது மகன் மைனராக இருந்தாரா என்று மட்டும் பாருங்கள். மைனர் சார்பில் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி வாங்காத சமரசத்தை மைனர் தரப்பு மறுக்கலாம் என்கிறது கட்டளை 32, விதி 7. அப்படி இருந்தால் உயர் நீதிமன்றத்தில் பழக்கமுள்ள வக்கீலிடம் கட்டைக் காட்டுங்கள்.

கைமாற்றுத் தகராறில் இரவு பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் உட்கார வைத்து, நான்கு லட்சம் தருவதாக எழுதி வாங்கிவிட்டார்கள். இரண்டு வெற்றுக் காசோலையும் கொடுத்தேன். இது செல்லுமா?
*வாசகர், மதுரை*

கடன் வசூல் காவல் நிலையத்தின் வேலை அல்ல. அங்கே எழுதிய காகிதம் தீர்ப்பாணை ஆகாது, அதை வைத்து யாரும் இ.பி. போட முடியாது. மிரட்டி வாங்கியது என்றால் ஒப்பந்தச் சட்டப்படி உங்கள் விருப்பத்தின்பேரில் ரத்தாகக்கூடியது. ஆனால் தானாக ரத்தாகாது, ரத்து செய்கிறேன் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, வழக்கு வந்த பிறகு 'மிரட்டினார்கள்' என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை. நாளைக்கே வங்கிக்குப் போய், காசோலை எண்களைக் குறிப்பிட்டு 'பணம் தர வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதனால் மட்டும் காசோலை வழக்கு வராமல் போகாது. கையெழுத்திட்ட காசோலை கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். ஆனால் அந்த அனுமானத்தை உடைக்க, சம்பவத்துக்கு அடுத்த நாள் தேதியிட்ட காகிதம் கை கொடுக்கும். அதே வாரத்தில் வக்கீல் மூலம் எதிராளிக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) நோட்டீஸ். மாநகரக் காவல் ஆணையருக்குப் புகார், அதில் அன்றைய நேரம், உட்கார வைத்த அறை, இருந்தவர்கள். புகாரிலேயே கேமரா பதிவைப் பாதுகாக்கும்படி கேளுங்கள். காவல் நிலையங்களில் கேமரா வைத்துப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எதிராளியின் புகாருக்குக் காவல் நிலையம் மனு ரசீது போட்டிருந்தால் அதன் எண்ணையும் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. காகிதம் செல்லாது என்பதால் வாங்கிய கடன் இல்லை என்றாகிவிடாது. உண்மையில் எவ்வளவு வாங்கினீர்களோ அதற்கு அவர் சிவில் வழக்குப் போடலாம். வாங்கியதே ஒன்றரை லட்சம் என்றால் நோட்டீசில் அதை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதை வக்கீலிடம் பேசி முடிவு செய்யுங்கள். ஒப்புக்கொண்டு எழுதினால் காலவரம்பு புதிதாக ஓடத் தொடங்கும்.

செக் கேஸில் சமாதானமாகி, பழைய காசோலைக்குப் பதில் நான்கு புதுக் காசோலை வாங்கினேன். முதல் காசோலையே திரும்பிவிட்டது. பழைய வழக்கை உயிர்ப்பிக்கலாமா?
*வாசகர், ஈரோடு*

சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. சமரசம் ஏற்பட்ட பிறகு பழைய காசோலை வழக்கையும் புதுக் காசோலை வழக்கையும் இணையாக ஓட்ட முடியாது. சமரசத்தில் கொடுத்த காசோலை திரும்பினால் அதற்கே செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் புது வழக்கு. வங்கியின் திரும்பல் குறிப்பு கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார். வக்கீலைத் தேடிக்கொண்டே முதல் 30 நாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

லோக் அதாலத்தில் முடிந்திருந்தால் உங்கள் நிலை இன்னும் மேல். கிரிமினல் வழக்காகத் தொடங்கியதானாலும் லோக் அதாலத் தீர்வு சிவில் டிகிரியாகவே நிறைவேற்றத்தக்கது என்று 2011-லேயே தீர்ப்பு இருக்கிறது. முதல் கேள்விக்குச் சொன்ன இ.பி. வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது. புதுக் காசோலை கையில் வந்ததுமே பழையதைத் திருப்பிக் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. கடைசித் தவணை பணமாகும் வரை வாய்தா கேட்டிருக்க வேண்டும்.

மனமொத்த விவாகரத்து. பதினைந்து லட்சமும் நகையும் தருவதாக ஒப்பந்தம். மனுத் தாக்கலின்போது ஐந்து லட்சம் தந்தார். இப்போது "முதலில் இரண்டாவது கையெழுத்துப் போடு, பிறகு தருகிறேன்" என்கிறார். போடலாமா?
*வாசகி, கோவை*

போடாதீர்கள். டிகிரி வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991 முதல் உள்ள நிலை. உங்கள் பேரத்தின் பலம் அத்தனையும் இறுதிச் சம்மதத்துக்கான அந்த இரண்டாவது கையெழுத்தில் இருக்கிறது. மீதிப் பத்து லட்சத்துக்கு டி.டி. எடுத்து வந்து நீதிபதி முன் கொடுத்து, எண்ணும் தேதியும் உத்தரவில் ஏறிய பிறகு கையெழுத்து. நகையைப் பொருள்வாரியாக, பவுன் கணக்கோடு பட்டியலிட்டு 'பெற்றுக்கொண்டேன்' என்பதை வாங்கிய அன்று மட்டும் எழுதுங்கள்.

ஏதாவது ஒரு பகுதி பின்னால்தான் வரும் என்றால், அவர் நீதிமன்றத்துக்கே உறுதிமொழி கொடுப்பதாக எழுத வைக்க வேண்டும். 'தருவதாக ஒப்புக்கொள்கிறேன்' என்பதை மீறினால் வசூல் நடவடிக்கை மட்டும். 'நீதிமன்றத்துக்கு உறுதியளிக்கிறேன்' என்பதை மீறினால் நீதிமன்ற அவமதிப்பும் வரும், அதை ஒரு வருடத்துக்குள் தொடங்க வேண்டும். ஒரு சொல் வித்தியாசம்தான், கவனமில்லாத வக்கீல் விட்டுவிடுவார்.

குழந்தை இருந்தால், 'குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்' என்ற வரி குழந்தையைக் கட்டுப்படுத்தாது. வரதட்சணைக் கொடுமைப் புகார் நிலுவையில் இருந்தால் அது விவாகரத்தோடு தானாக முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுவும் உங்கள் பிரமாணப் பத்திரமும் வேண்டும். அந்தப் பத்திரத்தையும் பணம் வந்த பிறகே கொடுங்கள். எல்லாம் வாங்கிக்கொண்டு புகாரை மட்டும் தொடர்வதை நீதிமன்றங்கள் அனுமதிப்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வசூலாகும் தொகையில் இருபது சதவீதம் கேட்கிறார் வக்கீல். கொடுக்கலாமா? வக்கீலை மாற்றினால் கட்டைத் தர மறுக்கிறார்களே?
*வாசகர், திருநெல்வேலி*

வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதி 20 தடை செய்கிறது. நோட்டீஸ், இ.பி. தாக்கல், ஜப்தி, ஏலம் என்று கட்டம் கட்டமாகத் தொகை பேசிக்கொள்ளுங்கள், வங்கி வழியாகக் கொடுங்கள்.

கட்டண பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. பாக்கி இருந்தால் அதற்குத் தனியாக வழிபார்க்கட்டும். முதலில் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சிலில், வக்கீலின் பதிவு எண்ணோடு புகார் கொடுக்கலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்து: இ.பி.-க்குப் பெரிய பெயர் தேவையில்லை, அந்த நீதிமன்றத்தில் தினமும் நிற்பவர், அமீனா (ஜப்தி உத்தரவை நேரில் நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியர்) நடவடிக்கை வரை தெரிந்தவர் போதும். சமரசத்தை எதிர்ப்பதற்குத்தான் மனு எழுதும் கை வேண்டும். முதல் சந்திப்பில் நான்கு கேளுங்கள். எந்தச் சட்டப் பிரிவில் போகப் போகிறீர்கள், கெடு எந்தத் தேதி, எதிராளிக்கு முன்பு ஆஜராகியிருக்கிறீர்களா, இந்த ஆண்டு எத்தனை இ.பி. முடித்தீர்கள்? கட்டைப் பார்க்காமலே 'நிச்சயம் ஜெயிக்கும்' என்பவரிடம் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

வக்காலத்துப் படிவத்தில் 'சமரசம் செய்துகொள்ளவும்' என்று அச்சில் அதிகாரம் இருக்கும். வேண்டாமென்றால் அந்த வரியை அடித்துப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தாவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மகனுக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட்டை ரத்து செய்ய வேண்டும். என் வயது 74.
*வாசகர், திருச்சி*

நீங்கள் சொல்வது தான செட்டில்மென்ட் பத்திரம், மேலே பேசிய சமரசம் அல்ல. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நீங்கள் மட்டும் போய் ரத்துப் பத்திரம் பதிந்தால் செல்லாது. பராமரிப்பான் என்று நம்பி எழுதி, அவன் பராமரிக்கவில்லை என்றால் மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23-ன் கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். பராமரிப்பு நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பார்கள், எனவே பத்திர நகலோடு போங்கள்.

சிவில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நாங்களே வெளியில் பேசி முடித்துவிட்டோம். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்குமா?
*வாசகர், சேலம்*

கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பிய மத்தியஸ்தத்தில் முடிந்தால்தான் தருவோம் என்ற எதிர்ப்பு முன்பு இருந்தது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு, தரப்பினர் தாங்களாகவே பேசி முடித்த வழக்குக்கும் பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்துவிட்டது. ஆனால் யாரும் தேடி வந்து தர மாட்டார்கள். சமரச மனுவிலேயே 'முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறச் சான்று வழங்க வேண்டும்' என்று ஒரு பத்தி சேர்த்து, நீதிபதியின் உத்தரவில் அது ஏறியிருக்கிறதா என்று அன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.